சூரையின் முப்பத்தொன்பதாவது எலும்பு

அந்த நாளில் ஆம்பூரில் கடல் மீன் என்றால் கருவாடு என்றுதான் அர்த்தம். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். ஏரி வற்றும்போது விரால் கிடைக்கும். கடலிலிருந்து வருவதெல்லாம் கோணிப்பையில் காய்ந்து, உப்புப் பூத்துத்தான் வரும். அதனால் என் மச்சான் மூன்றரை அடி நீளத்துக்கு ஒரு முழுக் கடல் மீனை ஐஸும் மரத்தூளும் வைத்துக் கட்டி, மெட்ராஸ் ரயிலிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது, எங்கள் தெருவே வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தது.

நான் அப்போது ஒரு பாயின் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மயிர் தானாகக் கழன்றுவிடும். எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தத் தோலுக்குப் புதுச் சுண்ணாம்பு, எதற்குப் பழையது என்பதெல்லாம் என் பொறுப்பு. குழிக்குள் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். என் மனைவி அப்படி நினைக்கவில்லை.

மச்சான் அவளுடைய அண்ணன். வேலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அந்த வகுப்பை முறையாகத் தொடங்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய புரொபசர் வருவதாக இருந்தது. விலங்கியல் அறையில் இருந்ததோ ஜாடியில் இரண்டு தவளை, ஒரு தண்ணீர்ப் பாம்பு, இறகு கொட்டிப்போன ஒரு பருந்து. பெரிய கடல் மீன் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று பிரின்ஸிபால் சொல்லிவிட்டார். வகுப்புக்கு அனுமதி கிடைத்தால் மச்சானுக்கு வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். எத்தனையோ வருஷம் படித்து வாங்கிய பட்டம் அவருக்கு. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மீனோடு வந்து நின்ற மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லை.

“மாப்ள, இதோட தோலை உரிச்சு, கெடாம பதப்படுத்தி, உள்ள வைக்கோல் அடைச்சு நிறுத்தணும். உன்னை நம்பித்தான் கொண்டாந்தேன்” என்றார்.

“தோலுன்னு சொல்லிட்ட இல்ல மச்சான், விடு. அது என் பாடு” என்றேன்.

ஷாப்பில் அன்று வேலை முடிகிற நேரம். மீனைக் கல்மேல் போட்டு மரத்தூளைக் கழுவினோம். அதன் பெயர் சூரை என்றார் மச்சான். நான் வருஷக்கணக்கில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் தடவிய கை. அப்படி ஒரு வழுவழுப்பை அதற்கு முன் தொட்டதில்லை. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. வாலுக்கு முன்னால் மேலும் கீழும் வரிசையாகச் சின்னச் சின்னத் துடுப்புகள், மஞ்சள் பூசினதுபோல். முதுகுத் துடுப்பை அமுக்கினால் ஒரு பள்ளத்துக்குள் போய் மடிந்துகொண்டது, பேனாக்கத்தி அதன் பிடிக்குள் மடிகிற மாதிரி. விட்டால் மறுபடி நின்றது. நாங்கள் ஆளுக்கு ஒரு தரம் மடக்கிப் பார்த்தோம்.

மச்சான் கொஞ்சம் தெம்பு வந்து பேசத் தொடங்கினார். “இது நிக்கவே நிக்காது மாப்ள. நீந்திக்கினே இருக்கணும். நின்னா மூச்சு முட்டிச் செத்துடும். தூங்கும்போது கூட ஓட்டந்தான்.”

சாப்பாட்டுக் கூடையை எடுத்துப் போக வந்திருந்த என் மனைவி, “நம்ம வீட்டு மருமகளா பொறந்திருக்க வேண்டியது” என்றாள்.

மச்சான் விடவில்லை. “கட்டுமரம் கரைக்கு வந்த ஒடனே செவுளுக்குள்ள கை விட்டுப் பாத்தேன். உள்ள கதகதன்னு இருந்துச்சு. மத்த மீனெல்லாம் சில்லுன்னு இருக்கும். இது தன் சூட்டைத் தானே வெச்சிக்குது. தண்ணி வெதுவெதுன்னு இருக்கிற கடல் எங்கெல்லாம் இருக்குதோ அங்கெல்லாம் இதுக்கு வீடு. நம்ம கரை, கொழும்பு, ஆப்பிரிக்கா, அந்தாண்ட மலேயா தாண்டி பெரிய சமுத்திரம் மொத்தமும். தண்ணி குளுந்துச்சுன்னா திரும்பிடும்.”

ஜோலார்பேட்டைக்கு அப்பால் போகாதவன் நான். உலகத்தின் பாதியைச் சுற்றுகிற ஒரு ஜந்து எங்கள் ஷாப்புக் கல்மேல் கிடந்தது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

தலையையும் வாலையும் தோலோடு விட்டுவிட்டு நடு உடம்பை உரித்து எடுத்தேன். ஒரு கீறல் விழவில்லை. மச்சான் தன் பையிலிருந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். உப்பும் படிகாரமும் தடவி நிழலில் வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததாம்.

“புக்கு வேற, குழி வேற மச்சான்” என்றேன். “ஆட்டுக்கு மயிரு, மீனுக்குச் செதிலு. ரெண்டையும் சுண்ணாம்புதான் கழட்டும். பழைய குழியில போடுறேன், காலையில பாரு, கண்ணாடி மாதிரி வரும்.”

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். தோலைக் குழியில் இறக்கினேன்.

மிச்சம் இருந்தது கறி. வெட்டினால் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தோம். ஆட்டுக்கறிபோல் சிவந்திருந்தது. வேலையாட்களுக்கு வாயில் நீர் ஊறியது. எங்கள் பக்கத்தில் எந்தக் கறியானாலும் கூறு போடுவது வழக்கம். சமமாகக் குவியல் வைத்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். நானே உட்கார்ந்து பன்னிரண்டு கூறு போட்டேன். என் கத்தி தோல் கத்தி. எலும்பை உடைக்காது, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில்தான் இறங்கும். கூறுக்கு மூன்று கணு முதுகெலும்பும் அதன்மேல் கறியும் வைத்தேன். பத்துக் கூறு வேலையாட்களுக்கு, ஒன்று முதலாளி பாய் வீட்டுக்கு, ஒன்று எங்கள் வீட்டுக்கு. ஆவாரம்பட்டை ஊறும் குழியில் வேலை செய்யும் ஒரு அண்ணன் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். அதிகம் பேசமாட்டார், வீட்டில் ஒரு செவலை நாய் வளர்த்தார். கடைசிக் கூறு அவருக்குப் போயிற்று.

அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு வாசனை. என் மனைவி புளி கம்மியாகவும் மிளகு ஜாஸ்தியாகவும் போட்டு வைத்தாள். மச்சான்கூட இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழிக்குப் போனோம். கோலை விட்டுத் தூக்கினேன். கோலில் ஒன்றும் மாட்டவில்லை. கையை விட்டேன். கஞ்சி மாதிரி ஒன்று விரலிடுக்கில் வழிந்தது. மறுபடி துழாவினேன். தலை வந்தது, தோல் இல்லாமல், வெறும் எலும்பாக. அப்புறம் வால். நடுவே இருந்த அவ்வளவு அழகான தோல் பசையாகிப் போயிருந்தது. மாட்டுத்தோல் நாட்கணக்கில் தாங்குகிற சுண்ணாம்பை மீன் தோல் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

மச்சான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்து, “நான் போய்ட்டு பிரின்ஸிபால்கிட்ட சொல்லிடறேன் மாப்ள” என்றார். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் நன்றாகத் தெரிந்தது.

அவர் பக்கத்தில் அந்தத் தலையை வைத்தேன். சுண்ணாம்பு அதை அவ்வளவு சுத்தமாக்கியிருந்தது. மச்சான் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். அவர் முகம் மாறியது.

“எலும்பு” என்றார். “தோல் இல்லன்னா இன்னா? எலும்புக்கூடு நிறுத்தலாம். தோலை விட அதுதான் ஒசத்தி. மீதி எலும்பு எங்க?”

நான் தெருவைக் காட்டினேன். பன்னிரண்டு வீட்டில் இருந்தது.

புத்தகத்தைப் புரட்டினார். சூரைக்கு முதுகெலும்பில் முப்பத்தொன்பது கணு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. வாலோடு மூன்று வந்துவிட்டது. கூறுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு கூறில் முப்பத்தாறு. கணக்குச் சரியாக இருந்தது. நான் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

சாப்பிட்டுப் போட்ட எலும்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவதைப்போல ஒரு கேவலம் கிடையாது. சாம்பல் குழியில் கிளறினோம். ஒரு வீட்டில் குழந்தை வாயிலிருந்து பிடுங்கினோம். ஒரு வீட்டில் பம்பரம் செய்யக் கட்டி வைத்திருந்தார்கள். கோயிலிலிருந்து திரும்பிய சனம் நின்று வேடிக்கை பார்த்தது. முதலாளி பாய் வீட்டில் எலும்பு இன்னும் சால்னாவுக்குள்ளேயே இருந்தது.

“இன்னா மேஸ்திரி, குடுத்த கூறைத் திருப்பிக் கேக்குறே? பேஜாரா இருக்குதே” என்று பாய் சிரித்தார். அவர் தோல் விற்கக் கொழும்புக்குக் கப்பலில் போய் வந்தவர். “அங்க மாசின்னு கட்டை மாதிரி கருவாடு விக்கிறாங்களே, அது இதோட தம்பி. அதுக்கு எலும்பே இருக்காது. அதை வாங்கியிருந்தா உனக்கு இந்தக் கஷ்டம் இல்ல” என்று சொல்லி, மூன்று கணுவையும் கழுவித் துணியில் முடிந்து கொடுத்தார்.

கடைசியாகச் செவலை நாய் வீடு. அந்த அண்ணன் இரண்டு கணுவைக் கொண்டுவந்து கூடையில் வைத்தார்.

“இன்னொன்னு?” என்றேன்.

“எனக்கு ரெண்டுதான் வந்துச்சு மேஸ்திரி.”

“மூணு மூணா என் கையால போட்டேன். நாய்க்குப் போட்டுட்டு ரெண்டுதான் வந்துச்சுன்னா எப்படி?”

“ரெண்டுதான் வந்துச்சு.”

தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. என் தோல் கஞ்சியான கோபம், எலும்பு பொறுக்கின வெட்கம், எல்லாம் சேர்ந்து அவர்மேல் இறங்கியது. ஒரு எலும்புக்காகப் பொய் சொல்கிறவன் நாளைக்குத் தோலையும் தூக்கிக்கொண்டு போவான் என்றேன். சொல்லக் கூடாத பேச்சு. அவர் நாயைக் கூப்பிட்டு உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள் வேலை நடந்தது. சாம்பலில் தேய்த்து, வெந்நீரில் போட்டு, வெயிலில் உலர்த்தினோம். ஒரு பழைய குடைக் கம்பியில் மச்சான் கணுக்களை அளவு பார்த்து ஒவ்வொன்றாகக் கோத்தார். விலா முள்ளில் பாதி போய்விட்டது. அதை யாரும் எண்ணமாட்டார்கள் என்றார். முதுகெலும்பை எண்ணுவார்கள். வாலோடு சேர்த்து முப்பத்தெட்டுதான் இருந்தது.

“ஒன்னு காணோம்னு அட்டையில எழுதி வெச்சுடறேன்” என்றார் மச்சான்.

என் கர்வம் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஒரு மாட்டுத் தொடை எலும்பை அறுத்து, அரம் போட்டு ராவி, இரண்டு பக்கமும் கிண்ணம்போலக் குழித்து, ஒரு கணு செய்தேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நனைத்து மற்றவற்றின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். உடுக்கை மாதிரி சின்னதாக, ரொம்ப அழகாக வந்தது. மச்சானுக்கு இஷ்டமில்லை. ஆனால் அவருக்கு வேலை வேண்டியிருந்தது. பதினெட்டாவதுக்கும் பத்தொன்பதாவதுக்கும் நடுவே கோத்துவிட்டார். என் மனைவி மட்டும், “அண்ணா, மாட்டிக்கினா இவர் பேரைச் சொல்லிடு” என்றாள்.

வெள்ளிக்கிழமை, தேக்குப் பலகைமேல் நின்ற எலும்புக்கூட்டை நானே ரயிலில், வேலூருக்கு இறங்குகிற காட்பாடிவரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கல்லூரியில் அதை மேஜைமேல் வைத்துவிட்டு வாசற்படி ஓரத்தில் நின்றுகொண்டேன்.

மெட்ராஸ் புரொபசர் வயதானவர், தமிழர். தவளையைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார், பருந்தைப் பார்க்கவில்லை. சூரை முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பென்சில் முனையால் தலையிலிருந்து எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது. வாலுக்குப் போய் நின்றார். மறுபடி தலைக்கு வந்து இன்னொரு தரம் எண்ணினார்.

“நாப்பது இருக்கே” என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. முப்பத்தெட்டோடு ஒன்று சேர்த்தால் முப்பத்தொன்பதுதானே?

“சூரைக்கு எந்த சமுத்திரத்துல பிடிச்சாலும் முப்பத்தொன்பதுதான். இதுக்கு நாப்பதுன்னா நீங்க புதுசா ஒரு மீன் கண்டுபிடிச்சிருக்கீங்க. பேர் வெச்சாச்சா?”

மச்சானின் காது சிவந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். தவறி எண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர், “சார், இதுல ஒன்னு மாட்டு எலும்பு” என்றார்.

“நான் செஞ்சது சார்” என்று வாசற்படியிலிருந்து நானும் சொல்லிவிட்டேன். அவரைத் தனியாக நிற்கவிட மனம் வரவில்லை.

புரொபசர் குனிந்து தேடினார். “எது?” என்றார். அவ்வளவு பயத்திலும் அந்த ஒரு கேள்வி எனக்கு இனித்தது. மச்சான் தொட்டுக் காட்டினார்.

“சரி. அப்ப காணாமப்போனதா நீங்க நினைச்சது எதுன்னு தெரியுமா?” என்று அவர் மீன் தலையின் பின்பக்கத்தைப் பென்சிலால் தட்டினார். அங்கே தட்டையாக ஒரு சின்ன எலும்பு மண்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலையின் ஒரு பகுதி என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். “சூரைக்கு முதல் கணு தலையோட இறுகி உக்காந்திருக்கும். கழுத்தைத் திருப்பற மீன் இல்ல இது. வாழ்நாள் பூரா நேரா பாஞ்சுகிட்டே இருக்கறதுக்காகப் பிறந்தது. கத்தி வெச்சவர் முதல் கணுவுக்குப் பின்னாடி இறக்கியிருக்கார்.”

கத்தி வைத்தவன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். வாலில் மூன்று, தலையில் ஒன்று. மீதி முப்பத்தைந்துதான். பன்னிரண்டு கூறுக்கு மும்மூன்று எப்படி வரும்? கடைசிக் கூறுக்கு இரண்டுதான் வந்திருக்கும். அதை வைத்தது என் கைதான். வைக்கும்போது நான் எண்ணவே இல்லை. எண்ணினதாகத் தெருமுழுக்கக் கேட்கும்படி சத்தியம் செய்தேன்.

புரொபசர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மீன் எங்கே கிடைத்தது, கரையில் எப்படி இருந்தது என்று கேட்டார். மச்சான் உள்ளே கை விட்டுப் பார்த்ததைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. ஜாடியில் ஊறப்போட்டு மூடிவைத்த மீனைத்தான் எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள் என்றும், இங்கே ஒவ்வொரு எலும்பும் கைபட்டிருக்கிறது என்றும் சொன்னார். பையன்கள் வருவதற்குள் அந்த மாட்டு எலும்பை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மச்சான் அங்கேயே கம்பியிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். அடுத்த மாதமே அனுமதிக் கடிதம் வந்து, மச்சானுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அந்த எலும்புக்கூட்டின்முன் நின்றுதான் அவர் பாடம் நடத்தினார்.

நான் அன்று சாயங்காலமே ஆம்பூர் திரும்பி, ஸ்டேஷனிலிருந்து நேராகச் செவலை நாய் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்லதுதான். திட்டியது தெருவில்தான். மன்னிப்பும் தெருவில்தான் கேட்க வேண்டும்.

“அண்ணே, உனக்கு ரெண்டுதான் வந்துச்சு” என்று உரக்கச் சொன்னேன். “மூணாவது எலும்பு மீன் தலையிலேயே இருந்துச்சு. நான்தான் எண்ணாம வெச்சேன். உன்னைப் பேசினது தப்பு.”

அவர் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார். “ரெண்டுன்னுதான் நானும் சொன்னேன்” என்றார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து என் கைவண்ணத்தை எடுத்து நாயின் முன்னால் வைத்தேன். “இந்தாடா, நீ தின்னதா உன் பேருல நான் எழுதின எலும்பு” என்றேன். செவலை வந்து மோந்து பார்த்தது. ஒரு தரம் தும்மியது. திரும்பிப் போய் வாசலில் படுத்துக்கொண்டது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மெட்ராஸ் சார் வரைக்கும் போய் வந்த எலும்பு, நாய்கிட்ட செல்லல பாரு மேஸ்திரி” என்றார். பிறகு உள்ளே திரும்பி, டீ போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஷாப்பில் எத்தனையோ தரம் கூறு போட்டிருக்கிறேன். எலும்பை வாய்விட்டு எண்ணித்தான் வைப்பேன். முதல் கூறு அவருக்கு.